சேற்றில் போட்ட பெயர்

உன் அம்மாவின் முகத்தைத் திருடிவிட்டார்கள். வலங்கைமான் பேருந்து நிறுத்தத்தில், ஒரு பிரமுகரின் பிறந்தநாள் பேனரில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புது ஃபிளெக்ஸின் மை வாடை மூக்கை அறுத்தது. நீ போய் எட்டு மாதமாகிறது. அந்த வாடையில் நின்றபோதுதான், உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான் என்று புரிந்தது.

அந்த மழையை நீ மறந்திருக்க மாட்டாய். சம்பா நட்டுப் பத்து நாள். வயல் குளமாகக் கிடந்தது. சேதம் பார்க்க வந்த அதிகாரி வரப்பிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். உன் அம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கினார். அழுகிய பயிரை இரண்டு கையாலும் அள்ளி, அதிகாரி பார்க்காததை உன் கேமராவுக்கு நீட்டினார். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நட்ட குடும்பம் உன்னுடையது. சொந்தமாக நட்ட முதல் சம்பா அது.

மறுநாள், நாம் இருவரும் கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோவில், அந்தப் படத்துக்கு வாட்டர்மார்க் வைக்க உட்கார்ந்தோம்.

"நெஞ்சுக்கு நடுவுல போடுடி. திருடுறவனுக்கு அழிச்சு அழிச்சுக் கை வலிக்கணும்" என்றாய்.

"உங்கம்மா மேலயா? பாக்கச் சகிக்காதுடி. கீழ சேத்துல போடு, அங்கதான் எடம் காலியா இருக்கு."

"சேத்துல போட்டா என் பேரு முளைக்குமாடி?"

சிரித்தோம். நான் சொன்ன இடத்திலேயே போட்டாய்.

பேனரில் அந்தப் படத்தை இடுப்போடு வெட்டிவிட்டார்கள். சேறும் போயிற்று, உன் பெயரும் போயிற்று. முகத்தின் கறுப்பை வெளுத்து, பயிர் இருந்த கையில் பூங்கொத்தை ஒட்டி, பிரமுகரை வாழ்த்த வைத்திருக்கிறார்கள். வயலில் இறங்கிப் பார்க்காதவர்களுக்கு உன் அம்மாவின் முகம் மட்டும் வேண்டியிருக்கிறது.

நடவு வயலில் கேலி தொடங்கிவிட்டது. "என்னக்கா, தலைவருக்கே பூ குடுக்குற. எங்களுக்காவும் அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

உன் அம்மா பாதி நடவில் கரையேறி என்னிடம் வந்தார். "பயிரு செத்து நின்னேன்டி. என் கையில யாருடி பூவ வச்சா? எம்பொண்ணு எடுத்த படம்னு ஊருக்கே தெரியும். அவளே இப்படி மாத்திக் குடுத்துட்டுப் போனாங்குறாளுவ. செத்தவளுக்கு இந்தப் பேரு வேணுமா?"

இப்போதெல்லாம் எந்தப் படத்தை அனுப்பினாலும் நட்டநடுவில்தான் வாட்டர்மார்க் போடுகிறேன். "என்னங்க, தாலி மேலயே எழுதிட்டீங்க?" என்று கல்யாண வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும். நீ அன்று சொன்னதைக் காலம் கடந்து கேட்டுக்கொண்ட புத்தி இது.

இன்று காலை உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த பேனர் அடித்த கடைக்குப் போனேன்.

"பேரே இல்லாத படம்மா. வாட்ஸ்அப்ல வந்துச்சு, அடிச்சோம்" என்றார் கடைக்காரர்.

முழுப் படத்தையும் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். சேற்றில் இருந்த உன் பெயரை வாய்விட்டுப் படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரிம்மா. இந்தப் பொண்ணையே நேர்ல வரச் சொல்லுங்க. பேசி எறக்கிடலாம்."

உன் அம்மா என்னைப் பார்த்தார். உன்னைத்தான் கேட்கிறார்கள். அது பூ இல்லை, செத்த பயிர் என்று நீ வந்து சொல்ல வேண்டும். வாடி.