ஹெலன் பேசிய ஆங்கிலம்

ஜூலை 7, திங்கள்

கச்சான் காற்று. விடிந்ததிலிருந்தே அனல். கொடியில் போட்ட உடுப்பு, தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது.

வேலை: ஓ.எல். பரீட்சைப் பிள்ளைகளுக்கு ஆங்கில மரபுத்தொடர்கள், பொருளோடு. போட்டோகொப்பி கடைக்கு நாளை கொடுக்க வேண்டும். இதுவரை எழுதியதில் சில:

ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன் - அத்தி பூத்தாற்போல்.
பீஸ் ஒஃப் கேக் - வெகு சுலபம்.
அண்டர் த வெதர் - உடம்புக்கு முடியவில்லை.
பைட் த புல்லட் - பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தல்.

இருபது வருடமாக டியூஷன் வகுப்பில் இதையே சொல்லிக் கொடுக்கிறேன். இவற்றில் ஒன்றையாவது ஒரு மனிதர் வாயிலிருந்து கேட்டதில்லை. எல்லாம் கண்ணாடி அலுமாரியில் அடுக்கிய பீங்கான் கோப்பைகள் போல. பெருநாளைக்குப் பெருநாள் எடுத்துத் துடைக்கிறோம். யாரும் அதில் குடித்ததில்லை.

பின்னேரம் காக்காவின் அழைப்பு. என் மூத்த அண்ணன், ஓட்டோ ஓட்டுகிறவர். எப்போதும் நடுவிலிருந்துதான் கதை தொடங்குவார்.

"தங்கச்சி, ஒனக்கு இங்கிலீசு தெரியுந்தானே. ஆஸ்பத்திரிக்கு வா. ஒரு வெள்ளக்காரர் பஸ்ஸுக்குள்ளயே விழுந்திட்டார். நான்தான் ஏத்திக்கிட்டு வந்த. பொஞ்சாதி தனிய நிக்கா, பாவம்."

அறுகம்குடாவிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிற பஸ். மாரடைப்பு. ஐ.சி.யு.வில் போட்டிருக்கிறார்கள். மனைவி பெயர் ஹெலன், எழுபது வயதிருக்கும். கணவர் பீட்டர். டொக்டர் நல்ல ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிட்டார். மொழிபெயர்க்க எனக்கு அங்கே வேலையே இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் ஓர் ஆள். என் வீட்டில் வந்து தங்குங்கள் என்றேன். வெள்ளைக்காரர் ஒருவரிடம் நான் பேசிய முதல் வசனம்.

ஐ.சி.யு. கதவைப் பார்த்தபடி ஹெலன் சொன்னார்: "ஹீ இஸ் ஹேங்கிங் பை எ த்ரெட்."

பட்டியலில் உள்ளதுதான். 'உயிர் ஊசலாடுகிறது' என்று பொருள் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அந்த வாயால் கேட்டபோது நூலும் தெரிந்தது, அதில் தொங்குகிற மனிதரும் தெரிந்தார். மேல் புல்லரித்துவிட்டது. உள்ளே ஒருவர் உயிருக்குப் போராடுகிறார், நான் இங்கே ஒரு சொற்றொடருக்குப் புல்லரித்து நிற்கிறேன். யா அல்லாஹ், என்ன பெண் நான்.

ஜூலை 8, செவ்வாய்

அதே காற்று. ஹெலனுக்கு முன்னறை. இடியப்பமும் சொதியும் வைத்தேன். கரண்டியால் எடுத்தால் இடியப்பம் நிற்கவில்லை, கையால் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். பாதியை வைத்துவிட்டார்.

கைபேசியில் பீட்டர் படம். கடலில் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறார். காற்சட்டையைச் சுருட்டியிருக்கிறார். கோமாளித்தனமான சிரிப்பு.

ஆஸ்பத்திரியில் ஒன்பது மணிபோல டொக்டர் வெளியே வந்தார். விழுந்திருந்த இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம், நல்லதுதானாம்.

"டச் வுட்" என்றார் ஹெலன்.

இதுவும் பட்டியலில் உண்டு: மரத்தைத் தொடு, நல்லது கெட்டுவிடாமல் இருக்க. வெறும் பேச்சுக்குச் சொல்வது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சொன்னதோடு விடவில்லை ஹெலன். கை மரத்தைத் தேடியது. கதிரை பிளாஸ்டிக். சுவரில் மார்பளவுக்கு டைல். கதவு அலுமினியம். மருந்து வண்டி இரும்பு. எழுந்து நடையின் அந்தம் வரை போய்ப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. நல்ல செய்தியை வாயால் சொல்லியாயிற்று, காவல் இல்லாமல் அது வெளியே நிற்கிறது என்ற பயம்.

கைப்பைக்குள் துழாவி, கொப்பி திருத்துகிற பென்சிலை எடுத்து நீட்டினேன். இரண்டு விரலை அதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக் குல்தூம் மாமி இருக்கிறார். பிள்ளை நன்றாக வளர்ந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், "மாஷா அல்லாஹ் செல்லு புள்ள, மாஷா அல்லாஹ் செல்லு" என்று பின்னாலேயே வருவார். கண்ணூறு பட்டுவிடுமாம். அதே பயம்தான் இது. எத்தனை கடலுக்கு அப்பால் இருக்கிறது அந்த நாடு. அங்கேயும் மனிதர் நல்லதைச் சொன்ன மறு நொடியே நடுங்குகிறார்கள், எதையாவது பிடித்துக்கொள்ளக் கை தேடுகிறார்கள். சுப்ஹானல்லாஹ். இருபது வருடமாக இதைப் பிள்ளைகளுக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருக்கிறேன்.

போட்டோகொப்பிக்குக் கொடுக்கவில்லை. வகுப்பும் இல்லை. உப்பு முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

நேற்று குல்தூம் மாமியிடம் மட்டும்தான் சொன்னேன். அது போதும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மத்தியானம், நோயாளர்களைப் பார்க்கும் நேரம். ஐ.சி.யு. நடை நிறைந்துவிட்டது. மாமியும் அவருடைய தங்கைகளும். பள்ளிவாசல் நிர்வாகத்தார் மூவர். காக்காவோடு ஓட்டோ நிறுத்துகிற ஆட்கள். என் மாணவிகளின் தாய்மார். தோடம்பழம், இளநீர், பிஸ்கட், மோல்ட் டின். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் வந்தவர்கள். ஒவ்வொருவராக வந்து ஹெலனின் கையைப் பிடித்தார்கள். ஒரு மூலையில் நோயாளிக்காக மெல்லிய குரலில் யாசீன் ஓதல். யாரும் அதிகம் கதைக்கவில்லை, அப்படியே நின்றார்கள்.

ஹெலனின் முகம் சோக்கட்டி போல வெளுத்தது. என் முழங்கையை இறுகப் பிடித்தார்.

"இவர்களுக்கு என்னவோ தெரியும். பீட்டர் சாகப்போகிறார், இல்லையா? விடைகொடுக்கத்தானே வந்திருக்கிறார்கள். என்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை?"

இல்லை, இல்லை என்றேன். எங்கள் ஊரில் சாதாரணக் காய்ச்சலுக்கும் இப்படித்தான் வருவார்கள் என்றேன். நம்பவில்லை. அவர்கள் நாட்டில் ஒரு மனிதருக்காக இவ்வளவு கூட்டம் ஒரே ஒருமுறைதான் கூடுமாம், அதை அந்த மனிதர் பார்ப்பதில்லையாம். தயவுசெய்து போகச் சொல்லுங்கள் என்றார்.

என்ன செய்வேன். நல்லது செய்ய வந்தவர்களை எப்படிப் போகச் சொல்வது? மாமியைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய், ஹெலன் களைத்துவிட்டார் என்றேன்.

"ஓம் மகள், நாங்க போறம். அதுக்கென்ன. பழத்த வெச்சிட்டுப் போறம், அவக்கிட்டக் குடு."

முகத்தில் ஒரு சுளிப்பில்லை. செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் இறங்கிப் போனார்கள்.

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஹெலன் சொன்னார்: "அவர்களில் ஒருவருக்கும் எங்களைத் தெரியாது."

"தெரியாது."

"பிறகு ஏன்?"

இத்தனை வருடத்து ஆங்கிலமும் எனக்குக் கைகொடுக்கவில்லை. பட்டியலில் உள்ள எதுவும் பொருந்தவில்லை. நோயாளியைப் போய்ப் பார்ப்பது எங்களுக்குக் கடமை, யார் எவர் என்று பார்ப்பதில்லை, என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். ஹெலன் பழப் பையை மடியில் எடுத்து வைத்தார். பிறகு, எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது என்றார். தோடம்பழம் ஒன்றை உரித்து முழுவதும் சாப்பிட்டார். வந்ததிலிருந்து முழுதாகச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

ஜூலை 10, வியாழன்

கொஞ்சம் மழைக்குணம். பெய்யவில்லை.

பீட்டர் கண் திறந்தார். பேசினார். ஹெலனை ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். வெளியே வந்தவரைப் பார்த்தால் வேறு ஆள். நிலாவுக்கு மேலே இருக்கிறேன் என்கிறார்கள் ஆங்கிலத்தில், மகிழ்ச்சியில் தரையில் கால் படவில்லை என்பதற்கு. ஹெலன் அதைச் சொன்னபோது உண்மையிலேயே குதிகால் எழும்பியது. வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தச் சொற்களெல்லாம் உடம்பிலிருந்து வந்தவை. யாரோ ஒருவர் எப்போதோ இப்படித்தான் எழும்பியிருக்கிறார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, இதைத் தொப்பிக்குக் கீழே வைத்திருங்கள் என்றார். யாரிடமும் சொல்லாதே என்பது; சொன்னால் கண் பட்டுவிடுமோ என்ற அதே பயம். எங்கள் ஊரில் ஆண்கள் அத்தனை பேரும் தொப்பி போடுகிறவர்கள், ஒருவராலும் அதன் கீழே ஒரு செய்தியை வைத்திருக்க முடிந்ததில்லை. நான் வைத்திருந்தேன். குல்தூம் மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"எப்படி மகள் அந்த மனிசனுக்கு?"

"அப்பிடியே இரிக்கி மாமி."

"துஆச் செஞ்சிக்கிட்டுத்தான் இரிக்கம். அவக்கிட்டச் செல்லு."

சொன்னேன். ஹெலன் வேலிப் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினார். மாமியும் உயர்த்தினார்.

ஐ.சி.யு. கண்ணாடி வழியாக நானும் ஒருமுறை பீட்டரைப் பார்த்தேன். மூக்கில் குழாய், மார்பெல்லாம் வயர். ஹெலன் என்னைச் சுட்டிக்காட்டி என்னவோ சொன்னார். பீட்டர் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். படத்தில் இருந்த அதே கோமாளிச் சிரிப்பு.

ஜூலை 11, வெள்ளி

விடிகாலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. உடனே வரட்டாம். காக்கா ஓட்டோவைக் கொண்டுவந்தார். ஹெலனின் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. நான் சொல்லவில்லை.

ஹெலனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் நடையில்.

ஆங்கிலத்தில் மரணத்துக்கு எத்தனை மரபுத்தொடர் என்று எனக்குத் தெரியும். வாளியை உதைப்பது, பண்ணையை வாங்குவது, டெய்ஸிச் செடியை அடியிலிருந்து தள்ளுவது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து, சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். கதவு திறந்தபோது, அல்லாஹ் மன்னிக்கட்டும், எதைச் சொல்லப்போகிறார் என்று என் காது காத்திருந்தது.

ஹெலன் எனக்கு நேரே வந்து நின்றார்.

"பீட்டர் இஸ் டெட்."

பீட்டர் செத்துவிட்டார். அவ்வளவுதான். நான்கு நாளாக நூலும் நிலாவும் தொப்பியுமாகப் பேசிய வாய். சுற்றிப் பொதிய ஒரு சொல் எடுக்கவில்லை. இவ்வளவு பெரிய ஆங்கிலத்தை நான் கேட்டதில்லை. அவர் கையைப் பிடித்தேன். 'இன்னாலில்லாஹி' என்று தானாக வந்தது. எல்லாரும் அவனுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்பிப் போகிறவர்கள் என்று பொருள் சொன்னேன். தலையை ஆட்டினார்.

பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தோம். டொக்டர் தூதரகத்துக்கு அழைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நடையில் வேறு யாருமில்லை. அந்தம் வரை வெறுமை. ஹெலன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம்.

"அன்றைக்கு வந்த அந்த ஆட்கள்," என்றார். "கேட்டால் வருவார்களா?"

காக்காவுக்கு அழைப்பு எடுத்தேன். கீழே வாசலில்தான் நின்றார்.

"ஆர் ஆரக் கூப்பிட, தங்கச்சி?"

"எல்லாரையும்."