சம்பந்தி வீட்டு ஓடை

இல்லை டீச்சர், ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அது பாறையில் சொட்டிய தண்ணீர்ச் சத்தமில்லை. தண்ணீருக்கும் தவளைக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருஷம் உங்களோடு அந்த ஓடையில் முழங்கால் நனைய நின்றேன்? காதில் பஞ்சடைத்த கிழவன் என்பீர்கள். சொல்லுங்கள். காது மந்தம்தான். ஆனாலும் கேட்டது.

கோடை முடிந்து இன்று காலைதான் முதல் மழை. பூண்டுக் காட்டுப் பூச்சிமருந்து நாற்றமெல்லாம் கழுவி இறங்கிப் போயிருந்தது. வெகு நாளைக்குப் பிறகு ஓடையில் ஊறிய இலையின் வாசனை மட்டும். சனிக்கிழமைதோறும் ஓடைக்கு வந்துவிட்டுச் சாயங்காலம் பஸ் ஏறும்போது உங்கள் முந்தானையில் அடிக்கிற வாசனை. அதற்காகத்தான் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அப்போதுதான் நம் பெரிய பாறைக்கு அடியிலிருந்து, கதவை யாரோ கூச்சத்தோடு தட்டுகிற மாதிரி, டொக் என்றது. கொஞ்சம் விட்டு மறுபடியும் டொக்.

"பாத்தீங்களா?" என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. "காதுல விழுந்ததெல்லாம் கணக்கு இல்ல. கண்ணால பாத்தாத்தான் கணக்கு." செத்தும் இந்தப் பிடிவாதம் போகவில்லையே உங்களுக்கு!

முதல் நாளே இப்படித்தான். கொடைக்கானல் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர், சேலையைக் கெண்டைக்காலுக்கு மேல் செருகி, ரப்பர் பூட்ஸ் போட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் காட்டுக்கு மேலே ஓடையில் குனிந்து நிற்கிறீர்கள். சும்மா போக முடியுமா என்னால்?

"என்ன டீச்சரம்மா, கம்மலைத் தொலைச்சுட்டீங்களா?"

"தவளை பாக்கேன்" என்றீர்கள், உங்கள் திருநெல்வேலிப் பேச்சில்.

"கறிக்கா, கல்யாணத்துக்கா?"

"எண்ணுறதுக்கு."

"எண்ணி?"

"அடுத்த வருசமும் வந்து எண்ணுவேன்."

"நல்ல சோலிதான். எங்க ஊர்ல வேலைவெட்டி இல்லாத பயகூட இதைச் செய்ய மாட்டான்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். நீங்கள் நிமிரக்கூட இல்லை. "சும்மாதானே நிக்கீங்க, பூண்டுக்காரரே. அந்தக் கல்லைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்த கல்லை அப்புறம் விடவே இல்லை. அதன் அடியில் அது உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை நிறையும் அளவு, உடம்பெல்லாம் சுருக்கம், உலகத்தின் மேலேயே சலிப்பு விழுந்த மாதிரி ஒரு பார்வை. கெழட்டுத் தவளை என்று நான் பெயர் வைத்தேன். நீங்கள் லத்தீனில் ஏதோ சொன்னீர்கள். என் வாயில் அது நுழையவில்லை. வேறு தவளையானால் தாவி ஓடும். இது கல்லை நம்பி உட்கார்ந்திருக்கும். உலகத்தில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் இந்தக் கூட்டம் கிடையாது என்றீர்கள். "அப்ப எங்க ஊர் மாமியாருங்க மாதிரிதான்" என்றேன்.

உங்கள் சட்டம் இரண்டே இரண்டு. தூக்கிய கல்லை எடுத்த இடத்தில், எடுத்த மாதிரி, நனைந்த பக்கம் கீழே வர வைக்க வேண்டும். "அது அதோட வீட்டுக் கூரை." மழை பிடித்துவிட்டாலோ எந்தக் கல்லையும் தொடக் கூடாது, ஈரப் பாறையில் முட்டை ஒட்டியிருக்கும், ஆண் தவளை பக்கத்திலேயே காவல் இருக்கும், கல் அசைந்தால் எல்லாம் போச்சு.

அப்புறம் எமர்ஜென்சி போட்ட சமயம், அந்தக் காய்ந்த கோடை. மழை வராவிட்டால் எங்கள் ஊர் பள்ளங்கியில் தவளைக்குக் கல்யாணம் செய்வது வழக்கம். வயல் தவளை தாலி கட்டுவதற்குள் தாவி ஓடிவிடும். கெழட்டுத் தவளை மாப்பிள்ளைக் களையோடு உட்காரும். ஆகையால் ஒவ்வொரு முறையும் ஊர் உங்கள் ஓடைக்குத்தான் வரும். அந்தச் சனிக்கிழமை நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மாரியம்மன் கோயில் முன்னால் கூடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் தயார். கிண்ணத்தில் மஞ்சளும் தயார்.

குடையை ஓங்கிக்கொண்டுதான் வந்தீர்கள்.

"ஏன்யா, இதுங்க தோலாலயும் மூச்சு விடுது! மஞ்சளைப் பூசுனா மூச்சு முட்டிச் செத்துரும்!"

"பொண்ணு வீட்டுக்காரங்க லேட்டா வந்துட்டு, சண்டை வேற போடுறீங்களே" என்றேன் நான்.

ஊரே சிரித்தது. உங்கள் முகம் கறுத்தது. அழப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் குடையை மடக்கினீர்கள். கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு, அம்மன் முன்னால் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"சரி, நான்தான் பொண்ணு வீடு. இப்ப நாங்க சொல்றதை மாப்பிள்ளை வீடு கேக்கணும். மஞ்சளை இலையில வைங்க, மேல பூசக் கூடாது. இன்னைக்கே பொழுது சாயுமுன்ன மறுவீடு."

ஊர்ப் பெரியவர் கருப்பணன் வெற்றிலையை விழுங்கிவிட்டார். "தவளைக்கு மறுவீடா?"

"பொண்ணு கட்டிட்டு மறுவீட்டுக்கு வராத வழக்கம் உங்க ஊர்ல உண்டா பெரியவரே?"

அதுவரைக்கும் தாலி கட்டியதும் தவளையை மறந்துவிடுவார்கள். கூடைக்குள்ளேயே கிடந்து காய்ந்து போகும். அன்றைக்குத்தான் கொட்டு மேளத்தோடு ஓடைக்குத் திரும்பியது. எடுத்த கல்லுக்கு அடியிலேயே விட்டீர்கள். கூட்டம் கலைந்த பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டீர்கள்.

"யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. ரெண்டுமே மாப்பிள்ளை."

"ஏலே சாமி!"

"தொடையில மஞ்சளாத் தடிப்பு பாத்தீங்கல்ல? ஆம்பளைக்குத்தான் அது. மழை வரப்போற நேரத்துல ரெண்டு தகப்பனைத் தூக்கிட்டு வந்துருக்கீங்க, பாவிங்களா."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள் பாருங்கள், பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது கூடத் தெரியாமல்! நீங்கள் அப்படிச் சிரித்து நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

அந்த வாரமே மழை கொட்டியது. பெரியவர் ஊர்க் கூட்டத்தில் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "இனி அது சம்பந்தி வீடு. சம்பந்தி வீட்டு வாசல்ல எவனும் மருந்துப் பம்பைக் கழுவக் கூடாது. வரப்புச் சுவருக்கு அங்கேருந்து கல்லைப் பேர்க்கவும் கூடாது." நீங்கள் மனுப் போட்டு நடக்காதது மறுவீட்டில் நடந்தது. சில வருஷம் ஓடை நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் எண்ணிக்கொண்டு வருவீர்கள், நான் பக்கத்தில் நின்று தப்புத் தப்பாக எண்ணி உங்களைக் குழப்புவேன்.

பெரியவர் போனார். அவரோடு சம்பந்தமும் போனது. மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து குத்தகைக்கு வந்தவர்களுக்கு எந்தத் தவளையோடு என்ன உறவு? உருளைக்கிழங்குக்கு மருந்து, காரட்டுக்கு மருந்து, எல்லாம் கழுவி ஓடையில். பிறகு எஞ்சின் வைத்துத் தண்ணீரை உறிஞ்சினார்கள். மேலே சோலைக் காட்டுக்குள் வெளிநாட்டு வாட்டில் மரம் புகுந்து தண்ணீரைக் குடித்து, ஊற்றும் இளைத்துப் போனது. ஒவ்வொருவரிடமும் போய் நின்றீர்கள். "தவளைக்கா டீச்சர்?" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த டீதான் உங்களைக் களைக்க வைத்தது.

ஒரு சனிக்கிழமை எல்லாக் கல்லையும் பார்த்தோம். நனைந்த பக்கம் கீழே வர எல்லாவற்றையும் திருப்பி வைத்தோம். ஒன்றுமில்லை. நீங்கள் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"நான் எதையும் காப்பாத்தலை, பூண்டுக்காரரே. அது போறதை, கூடவே நின்னு பாத்தேன். அவ்வளவுதான்."

அதற்கு ஒரு நக்கல் தேடினேன். கிடைக்கவில்லை. இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ரிட்டையர் ஆகி அய்யம்பாளையத்துத் தங்கச்சி வீட்டோடு போய்விட்டீர்கள். ஒரு தடவை பூண்டு கட்டிக்கொண்டு வந்தேன். கட்டிலில் சாய்ந்தபடி கேட்டீர்கள், எங்கள் பேச்சு உங்கள் நாக்கில் ஒட்டியிருந்தது:

"ஓடை எப்படிக் கெடக்கு?"

"தண்ணி கெடக்கு டீச்சர்."

"நான் தண்ணியவா கேட்டேன்?"

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டீர்கள். அடுத்த ஈஸ்டருக்கு நீங்கள் இல்லை.

நீங்கள் போன பிறகும் உங்கள் சட்டம் என்னை விடவில்லை. காட்டில் ஒரு கல்லைப் புரட்டினால் மறுபடி அதேபடி வைக்காமல் வர முடியவில்லை. வீட்டில் குடத்தை நகர்த்தினால்கூட ஈரத் தடத்தின் மேலேயே கொண்டுபோய் வைக்கிறேன். "புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்கிறாள் என் வீட்டுக்காரி. டீச்சரைக் கேள் என்கிறேன்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். இன்று காலை அந்தப் பாறையின் விளிம்பில் கை வைத்தேன். இந்தக் கை இன்னும் அதைத் தூக்கும். தூக்கினால் பார்க்கலாம், உங்கள் கணக்கில் ஒன்று ஏறும். 'நான் எதையும் காப்பாத்தலை' என்ற உங்கள் பேச்சை உங்கள் வாயாலேயே திருப்பி வாங்க வைக்கலாம். ஆனால் மழை பிடித்துவிட்டது. அடியில் ஒரு தகப்பன் காவல் இருந்தால்? எதை மீறச் சொல்கிறீர்கள், கண்ணால் பார்த்தால்தான் கணக்கு என்பதையா, மழையில் கல்லைத் தொடக் கூடாது என்பதையா?

கையை எடுத்துவிட்டேன். கணக்கில் வராமலே இருந்துவிட்டுப் போகட்டும்.

இதற்குப் போய் முகத்தைத் திருப்புகிறீர்களே! எப்போதும் இப்படித்தான். நான் பாதி சொல்லும்போதே வளைவில் பஸ் ஹாரன் கேட்கும், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறிப் போய்விடுவீர்கள், பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று. கொஞ்சம் நில்லுங்கள் டீச்சர். இன்றைக்கு எந்தப் பஸ் காத்திருக்கிறது உங்களுக்கு? அது தண்ணீர்ச் சத்தம் இல்லை என்று நான் ஏன் அடித்துச் சொல்கிறேன் என்றால்...