இருபதாம் தாளின் கடைசி வரி

போர்ட்டோ நாசியோனல்
18 மே 1987

அன்புள்ள அன்செல்மோவுக்கு,

நான் நலம். இரண்டே வருஷம், அங்கே வேலை நிரந்தரமானதும் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் பிரசீலியாவுக்குப் பஸ் ஏறினீர்கள். பதினான்கு வருஷமாகிறது. அதைப் பற்றிப் பேச இந்தக் கடிதம் எழுதவில்லை. ஆனாலும் எழுதியாகிவிட்டது, இருக்கட்டும்.

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. கோயாஸ் மாநிலத்தின் வடபாதியைப் பிரித்து டொக்கான்டின்ஸ் என்று தனி மாநிலம் ஆக்கச் சொல்லி, புதிய அரசியல் சட்டம் எழுதுகிற சபைக்கு எங்கள் ஊர் கொடுக்கும் மனு. முப்பதாயிரம் வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால் சபை அதை எடுத்துப் பேசியே ஆக வேண்டுமாமே! யார் மனதில் உதித்ததோ, அவர் நன்றாக இருக்கட்டும். என் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியர் குறைந்தால், எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மாநிலத் தலைநகர் கோயானியாவுக்கு எழுதிவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜனாதிபதி இரண்டு தடவை முடியாது என்றார். இந்தத் தடவை நாங்கள் அவரிடம் கேட்கவில்லை. சட்டத்திடமே கேட்கிறோம்.

நானூற்றுப் பத்தொன்பது கையெழுத்து, இருபத்தொரு தாள். கையெழுத்துகளைச் சரிபார்க்கிற மேசையில்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கடைசித் தாளில் கடைசி வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். அது உங்களுக்கு. நீங்களும் இந்த ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்தானே.

சுல்மீரா


பிரசீலியா
9 ஜூன் 1987

என் அன்பு சுல்மீராவுக்கு,

பொட்டலம் கிடைத்தது. திரும்பி வருகிறது. கோபப்படாமல் படி.

முப்பத்தேழு பேரைத் தவிர மற்ற எல்லோரும் பழைய வாக்காளர் அட்டையின் எண்ணை எழுதியிருக்கிறார்கள். போன வருஷம் நாடு முழுவதும் புது அட்டை கொடுத்தாயிற்று. பழைய எண் செல்லாது. வேறு ஊராக இருந்தால் ஒரு வரியில் காரணம் எழுதித் திருப்பியிருப்பேன். உனக்கு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் குறித்திருக்கிறேன். ஆகஸ்ட் பதின்மூன்றுக்குள் எல்லாம் இங்கே வந்து சேர வேண்டும்.

நீ விட்டு வைத்த வரியில் நான் கையெழுத்துப் போட முடியாது. எண்ணுகிறவன் தன்னையும் சேர்த்து எண்ணக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் விதி.

இங்கே மேசை மேசையாக மனுக்கள் குவிகின்றன. நிலம் கேட்கிறார்கள், பிரசவ விடுப்பு கேட்கிறார்கள், காட்டைக் காப்பாற்றச் சொல்கிறார்கள். என் அப்பா தன் ஆயுளில் நான்கைந்து அரசியல் சட்டங்களைப் பார்த்தார். ஒன்றுகூட அவரிடம் எதுவும் கேட்டதில்லை. சில நாள் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு எண்ண மறந்துவிடுகிறேன்.

அன்செல்மோ


போர்ட்டோ நாசியோனல்
27 ஜூலை 1987

அன்செல்மோவுக்கு,

பொட்டலத்தைப் பிரித்ததும் உங்களைத் திட்டினேன், சத்தமாக, தபால் நிலையத்திலேயே. பிறகு படகேறினேன்.

எவுஃபிராசியாவை நினைவிருக்கிறதா, ஆற்றோரம் மீன் வறுத்து விற்பாளே? அவளிடம் புது அட்டை எங்கே என்றேன்.

"அது எதுக்கு டீச்சர்? அதுல என் படமே இல்லியே. படம் இல்லாத அட்டை யாரோடதா வேணா இருக்கலாம். பழசுல பாருங்க, எவ்வளவு அழகா இருக்கேன்!"

ஊரே இப்படித்தான். புகைப்படம் ஒட்டிய பழைய அட்டையைப் புனிதர் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். புது அட்டை மாவு டப்பாவில் கிடக்கிறது, ஒரு வீட்டில் ஆடுகிற மேசைக்காலுக்கு அண்டை கொடுக்க மடித்து வைத்திருந்தார்கள். நான்தான் மேசையைத் தூக்கி எடுத்தேன்.

எழுதத் தெரியாதவர்களுக்கும் ஓட்டு உண்டு என்று ஆனபோது எவுஃபிராசியாவுக்கு அறுபத்தெட்டு வயது. முதல் தடவை இந்த மனுவில் அவள் பெயரை எழுத நான் கையைப் பிடித்தேன். இந்தத் தடவை "கைய விடுங்க டீச்சர்" என்று சொல்லி, வரிக்கு வெளியே போய், தானே எழுதினாள். அந்த எழுத்தைப் பார்த்ததும் உங்கள் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான்.

படகோட்டி தெயோக்ளெசியானோ கேட்டான்: "ஏன் டீச்சர், உங்க வீட்டுக்காரரு நம்ம பக்கமா, கோயானியா பக்கமா?"

"விதி பக்கம்" என்றேன்.

"அப்ப கஷ்டந்தான்" என்று சொல்லித் துடுப்பைப் போட்டான்.

ஊர் மாறினவர்கள், செத்துப் போனவர்கள் என்று இருபது பேர் குறைந்தார்கள். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது, இருபது தாள். இப்போதும் கடைசி வரி காலியாக இருக்கிறது. உங்கள் விதியை மதிக்கிறேன். ஆனாலும் காலியாகத்தான் விடுவேன்.

சுல்மீரா


பிரசீலியா
20 ஆகஸ்ட் 1987

என் அன்பு சுல்மீராவுக்கு,

உன் தாள்கள் சரியாக இருந்தன. ஒரு குறைகூட இல்லை. நம் பக்கத்து மனு ஏற்கப்பட்டது. எவுஃபிராசியாவின் கையெழுத்தை நானும் பார்த்தேன்.

அன்செல்மோ


போர்ட்டோ நாசியோனல்
2 செப்டம்பர் 1987

அந்த வரி?

சு.


பிரசீலியா
6 அக்டோபர் 1988

என் அன்பு சுல்மீராவுக்கு,

பதின்மூன்று மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. நீயும் கேட்கவில்லை. தப்பு என்னுடையது.

நேற்று மதியம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பக்கத்து அச்சகத்தார், துப்புரவுப் பெண்கள், நாங்கள் எல்லோரும் வானொலியைச் சுற்றி நின்றோம். யாரோ அழுதார்கள். முதலில் அது யார் என்று தேடினேன், நான்தான். இடைக்கால விதிகளில் பதின்மூன்றாவது பிரிவு: டொக்கான்டின்ஸ் மாநிலம் உருவாக்கப்படுகிறது. உன் படகும் உன் மேசைக்காலும் அந்த வரியில் இருக்கின்றன, சுல்மீரா. ஊரிலும் இங்கேயுமாக இருபத்தைந்து வருஷம் அரசாங்கத் தாள்களைத் தொட்டிருக்கிறேன், எதையும் பார்த்து இப்படிப் பெருமைப்பட்டதில்லை.

இத்துடன் ஒரு நகல் வைத்திருக்கிறேன். உன் இருபதாம் தாள். கடைசி வரியைப் பார்.

போன வருஷம் ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, என்னைச் சரிபார்ப்பு மேசையிலிருந்து மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அந்த மாதம் என்னைப் பிரிவுத் தலைவர் ஆக்குவதாக இருந்தார்கள். அதற்குப் பதில் காகிதக் கிடங்குக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை, எண்ணுகிறவனாக இல்லாமல், வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டேன். மேசையில் என் இடத்துக்கு வந்த பையன் என் எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தான். நல்ல பையன்.

சொல்லியிருக்கலாம். பதினான்கு வருஷம் வராதவன், ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு அதை நீட்டுவதா என்று வெட்கமாக இருந்தது.

அன்செல்மோ


போர்ட்டோ நாசியோனல்
15 ஜனவரி 1989

அன்புள்ள அன்செல்மோவுக்கு,

நகலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டவில்லை, அந்த அளவுக்கு இன்னும் நல்லவளாகவில்லை. ஆனால் அலமாரியில் என் பழைய அட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி முதல் தேதியிலிருந்து நாங்கள் வேறு மாநிலம். தற்காலிகத் தலைநகரம் மிராசேமாவில். அங்கே ஒரு அலுவலகத்தில் நாற்காலி போதாமல் அதிகாரிகள் நின்றுகொண்டே கையெழுத்துப் போடுகிறார்களாம். தெயோக்ளெசியானோ போய்ப் பார்த்துவிட்டு வந்து, "டீச்சர், நம்ம அரசாங்கத்துக்கு உக்கார இடம் இல்ல, ஆனா வாசல்ல போய் நின்னா யாருன்னு கேக்குறாங்க" என்றான். எனக்கு அது போதும். ஆசிரியர் கேட்டு எழுதினேன், பதில் பதினோரு நாளில் வந்தது. இல்லை என்றுதான் பதில். ஆனால் பதினோரு நாள்!

பெகீ பழக் காலம் முடியப் போகிறது. உங்களுக்குப் பிடிக்குமே என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பதுண்டு. இதுவரை எழுதியதில்லை.

சுல்மீரா


பிரசீலியா
20 மார்ச் 1989

என் அன்பு சுல்மீராவுக்கு,

ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். நாமே நேராக ஓட்டுப் போட்டு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்து இருபத்தொன்பது வருஷமாகிறது. நான் ஒரே ஒரு தடவைதான் போட்டிருக்கிறேன், நம் கல்யாணத்துக்கு முன்னால். இந்த ஓட்டை டொக்கான்டின்ஸில் போட ஆசை. அட்டையை அங்கே மாற்ற வேண்டும் என்றால், மூன்று மாதமாக அந்த ஊரில் வசிக்கிறேன் என்று வீட்டின் சொந்தக்காரர் எழுதிக் கொடுத்தால் நல்லது என்று உங்கள் ஊர்ப் பதிவாளர் சொல்கிறார்.

நீ எழுதிக் கொடுப்பாயா? நான் ஓட்டுப் போடும் அன்று மட்டும் வந்துவிட்டுப் போய்விடுவேன். விதியை வளைக்கச் சொல்கிறேன், தெரிகிறது. வாழ்நாளில் முதல் தடவை. வந்து தங்கட்டுமா என்று கேட்பதைவிட எனக்கு இது சுலபமாக இருக்கிறது. பதினாறு வருஷம் கழித்து எந்த முகத்தோடு வந்து கதவைத் தட்டுவது?

அன்செல்மோ


போர்ட்டோ நாசியோனல்
2 ஏப்ரல் 1989

அன்புள்ள அன்செல்மோவுக்கு,

ஒரு எண் தவறு என்று நானூறு பேரை என்னிடம் திருப்பி அனுப்பியவர் நீங்கள். ஜூலை வெயிலில் நான் மேசைகளைத் தூக்கினேன். இப்போது என்னைத் தேர்தல் நீதிபதியிடம் பொய் எழுதச் சொல்கிறீர்கள். இந்த மாநிலம் பிறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் அதை ஏமாற்ற என்னால் முடியாது. நீங்கள் சரிபார்த்த தாள்களில் நின்று பிறந்த மாநிலம், அதை நீங்களே ஏமாற்றலாமா?

எந்த முகத்தோடு வருவது என்று கேட்டிருக்கிறீர்கள். புது அட்டையில் முகமே கேட்பதில்லையே.

பதிவாளரிடம் போய் அந்தப் படிவத்தை வாங்கி வந்துவிட்டேன். வீட்டு முகவரி எழுதியாயிற்று. வீட்டுச் சொந்தக்காரர் என்ற இடத்தில் என் கையெழுத்தும் போட்டாயிற்று. "எந்தத் தேதியிலிருந்து இங்கே வசிக்கிறார்" என்ற வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். ஆகஸ்ட் தொடக்கத்தில் பதிவை மூடுகிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் பஸ் ஏறினால் மூன்று மாதம் சரியாக வரும்.

படிவத்தை இத்துடன் அனுப்பவில்லை. சாப்பாட்டு மேசை மேல் இருக்கிறது.

சுல்மீரா