கறுத்த நகமும் அட்டைக்கடியும்

ஹுஸ்னியின் வாப்பாவுக்கு,

உங்கள் பெருவிரல் நகங்கள் ஏன் கறுத்தன என்று எனக்கு விளங்கவே இல்லை. முழங்கால் வலி வந்ததிலிருந்து, "டவுன் கிரவுண்டுலதான் ஓடுறேன் புள்ள" என்கிறீர்கள். சமதரையில் நகம் கறுக்காது. இறக்கத்தில் ஓடினால்தான் பாதம் சப்பாத்துக்குள் முன்னால் வழுக்கி, அடிக்கு அடி நகம் இடிபடும். உடம்புப் பாரமும் முழங்காலில் விழும். சப்பாத்துக்குள் போடும் மேஸிலும் அட்டை கடித்த ரத்தம். டவுனில் ஏது அட்டை? பஸ்ஸில் ரிவர்ஸ்டன் மலைக்குப் போய், அங்கிருந்து ஓடி இறங்குகிறீர்கள், அப்படித்தானே?

பல்லேபொலைக்கு என் உம்மாவைப் பார்க்கப் போகிறேன். சோறு மூடியிருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு ரஜிதாவிடம் கொடுங்கள்.

இன்னொன்று: மரதன் ஓட்டப் போட்டி முடியும்வரை நீங்கள் நிறுத்தமாட்டீர்கள். அடிவாரத்து ரத்தோட்டையிலிருந்து மேலே ஓடி ஏறுங்கள். இறங்கும்போது பஸ்ஸில் வாருங்கள்.

உங்கள் மனைவி நுஸ்ரா