அருளு, உன் கார் கொதிக்கவில்லை

என் செல்லத் தம்பி அருளுக்கு,

உன் அக்கா ரெஜினா எழுதுகிறேன். நீ முதலில் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். கார் நன்றாக இருக்கிறது. நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதை நீ எப்போதும் இரண்டாவதாகத்தானே கேட்பாய்? நாங்களும் இருக்கிறோம். நம் பிலோவுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் தங்கை கல்யாணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் உன் கார் கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டாய்.

நீ போன பிறகு வரும் இரண்டாவது கோடை இது. பாப்பிரெட்டிப்பட்டியில் காலை ஒன்பது மணிக்கே தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. இந்த வெயிலில் உன் காரை ஓட்டிக்கொண்டு தினமும் தருமபுரிக்கு வேலைக்குப் போய் வருகிறேன் என்றால் நம்புவாயா? அக்காவுக்கு ஸ்கூட்டிக்கு ஸ்டாண்டு போடவே வராது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நீ.

உன்னை எவ்வளவு திட்டியிருக்கிறேன்! ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய டீசல் காரை வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட கொட்டகையில் நிறுத்தி, அதன் வயிற்றைப் பிரித்துப் போட்டாய். இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ள அதில் இருந்த டர்போவைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிதாக ஒன்றை மாட்டினாய். டீசல் இன்னும் கூடுதலாகப் பாயட்டும் என்று லேப்டாப்பை வைத்து ஏதேதோ மாற்றினாய். "இந்த நேரத்துக்கு ஒரு பொண்ணப் பாத்துக் கட்டிக்கலாமில்லடா" என்று நான் கத்தினேன். "பொண்ணு ஃபேன் போடச் சொல்லும்க்கா, இது இன்டர்கூலர் போடச் சொல்லுது. ரெண்டும் ஒண்ணுதான்" என்றாய். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு வார்டில் நடந்துகொண்டிருக்கும்போது தனியாகச் சிரிக்கிறேன்.

வார்டு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நர்ஸாக இருந்து எத்தனை பேருக்கு ஈரத்துணி போட்டு, மருந்து ஏற்றி, காய்ச்சலை இறக்கியிருக்கிறேன். உனக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது மட்டும் என்னால் இறக்க முடியவில்லை. இதை நான் வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை. உன்னிடம் பேசலாம்.

உன் காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து அப்பா என்னைக் கூப்பிட்டு, "வித்துப்புடலாம் ரெஜி" என்றார். "அந்த வண்டிச் சத்தம் வாசல்ல கேட்டா பையன் வந்துட்டான்னு எந்திரிச்சுடறேன். எத்தன வாட்டிதான் எந்திரிச்சு உக்கார்றது?" என்று கேட்டார்.

பதில் சொன்னது பிலோதான். அப்போதுதான் அவளுக்கு மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. "நான் கோயிலுக்குப் போனா அண்ணன் வண்டியிலதான் போவேன். இல்லேன்னா நடந்தே போறேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். கடைசியில் அப்பா இறங்கி வந்தார். வழியில் நிற்காமல் போய்ச் சேர்ந்தால் கார் நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். "கல்யாணப் பொண்ணோட நடுரோட்டுல புகைஞ்சு நின்னுச்சுன்னா அன்னைக்கே யாருக்காச்சும் குடுத்துடுவேன், சொல்லிப்புட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். அதாவது உன் கை பட்ட அந்தக் கார் எங்களிடம் இருப்பதும் போவதும் வைகாசி வெயிலில் ஒரு காலை நேரப் பயணத்தில் வந்து நின்றது. அதை ஓட்டப்போவது நான்.

பங்குனியிலேயே என் வண்டவாளம் வெளியில் வந்துவிட்டது. பொம்மிடியில் கடைவீதி நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, நீ ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருந்த மீட்டர் கீச்சுக் கீச்சென்று கத்தியது. சூடு நூறைத் தாண்டியிருந்தது. ஓரமாக நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் மூடியைத் திறந்தேன். கொதிநீர் மூஞ்சியில் அடித்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன் இல்லையா, அந்த அளவுக்கு விவரம் இருந்தது. அதற்கு மேல் இல்லை. பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு குடம் போர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஊற்றினேன். வண்டி கிளம்பியதும் பெரிய சாதனை செய்தவள் மாதிரி, வீட்டுக் குழாயிலும் பிடித்து ஒரு மாதம் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

நம் ஊர் போர் தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாதா? வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைக் காறையை வாராவாரம் சுரண்டுகிறவளே நான்தான். அது பாத்திரத்தில் மட்டும் படியும், காரில் படியாது என்று எப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. சூடு குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனது. ஊர் மெக்கானிக்கிடம் போனேன். உள்ளே ஒரு வால்வு இருக்கிறதாம், இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்குமாம். "வெயில் காலத்துல அது எதுக்குங்க்கா, தண்ணி பாட்டுக்கு ஓடட்டும்" என்று அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இங்கே எல்லோரும் செய்வதுதான் என்றார். நானும் தலையாட்டினேன். பிறகு காலையில் இன்ஜின் சூடேற அரைப் பாதை ஆனது, டீசலைக் குடித்தது, மத்தியானம் மேட்டில் ஏறினால் பழையபடி கத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உன் கொட்டகையைத் திறந்தேன். கார் வாசலிலேயே நிற்பதால், நீ போன பிறகு அன்றுதான் அதைத் திறக்கிறேன். அலமாரியில் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற பச்சை கூலன்ட் கேன்களும், பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்த நீர் கேன்களும் அடுக்கி வைத்திருந்தாய். ஒரு கேன் மேல் மார்க்கரில் உன் கோணல் எழுத்து: "பாதி இது, பாதி அது. போர் தண்ணி ஊத்தறவங்க யாரா இருந்தாலும் பேச மாட்டேன்." யாரா இருந்தாலும் என்று எழுதும்போது என்னைத்தானே நினைத்தாய்? அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

ரேடியேட்டரை வெளியே எடுத்துக் கழுவ முன் பம்பரைக் கழற்றினோம். அப்போதுதான் நீ செய்திருந்த வேலையை என் கண்ணால் பார்த்தேன். டர்போ அமுக்கிச் சூடாக்குகிற காற்றை ஆற வைக்கும் இன்டர்கூலரை முன்னால் நிறுத்தி, அதன் மேல் காற்று நேராகப் போய் மோத நல்லெண்ணெய் டின் தகட்டை வெட்டி வழி அமைத்திருந்தாய். விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க மடித்தும் விட்டிருந்தாய். ரேடியேட்டரைச் சுற்றி விரல் நுழையும் சந்து எங்கே இருந்ததோ அங்கெல்லாம் ஸ்பாஞ்சு வைத்து அடைத்திருந்தாய், உள்ளே நுழைந்த காற்று பக்கவாட்டில் தப்பிப் போகாமல் ரேடியேட்டருக்குள்ளேயே புகுந்து வர வேண்டும் என்று. டர்போவிலிருந்து இறங்கும் புகைக் குழாயில் சூட்டைத் தாங்கும் துணியைச் சுற்றியிருந்தாய். ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று பாதி ஏறியிருக்க வேண்டும், தளரவும் கூடாது, இறுகவும் கூடாது. நான் பேண்டேஜ் சுற்றுகிற அதே முறை. என்னிடம் பார்த்துப் பழகினாயா? ஏன் சொல்லவே இல்லை?

மெக்கானிக் வாயைத் திறந்தபடி நின்றார். "யாருங்க்கா பண்ணது? கம்பெனில கூட இவ்வளவு பொறுமையா அடைக்க மாட்டாங்க" என்றார். "என் தம்பி" என்றேன். வால்வைத் தானே கேட்டு வாங்கித் திரும்ப மாட்டினார். காறையை எடுக்க ஒரு நாள் முழுக்க ஆனது. பாதி இது, பாதி அது ஊற்றினோம். அடுத்த வாரம் அதே மேட்டில், அதே உச்சி வெயிலில் ஏறினேன். மீட்டர் தொண்ணூற்றிரண்டைத் தாண்டவில்லை. எனக்கு உன்னை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, என் தப்புதான்.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். தருமபுரிக் கோயிலில் பத்தரை மணிக்குப் பூசை. காலையில் நான் உள்ளே பிலோவுக்குப் புடவை மடிப்பு எடுத்துக்கொண்டிருக்க, வாசலில் பூ அலங்காரக்காரர்கள் காரை ஜோடித்துவிட்டார்கள். வெளியே வந்து பார்த்தால் முன்பக்கம் முழுக்க, பானெட்டிலிருந்து பம்பரின் அடி வரைக்கும், சிவப்பு ரோஜாவும் வெள்ளைச் சாமந்தியும் நெருக்கிக் கட்டிய மெத்தை. நடுவில் தெர்மாகோலில் வெட்டிய பெரிய இதயம், அதில் மாப்பிள்ளை பெயரும் பிலோ பெயரும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரொம்ப அழகா இருக்குங்க" என்றேன். போட்டோ வேறு எடுத்துக்கொண்டேன். காற்று போகும் வழியை நீ ஸ்பாஞ்சு வைத்துக் காப்பாற்றினாய், அந்த வாசலையே பூவைப் போட்டு மூடிவிட்டு நான் போட்டோ எடுத்தேன்.

பொம்மிடி தாண்டும்போது தொண்ணூற்றெட்டு. கொஞ்ச தூரத்தில் நூற்றிரண்டு. பின்னால் வேனில் அப்பாவும் சொந்தக்காரர்களும். முதலில் ஏசியை நிறுத்தினேன். வேகத்தைக் குறைத்து, டர்போ வேலை செய்யாத அளவுக்கு மிதியை மெதுவாக்கினேன். அப்புறம் ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டேன். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தையாவது உள்ளே இழுத்துவிடும் அல்லவா.

"அக்கா! ஹீட்டராக்கா போட்டிருக்க?" என்று அலறினாள் பிலோ. பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு, மே மாத வெயிலில். மேக்கப் கன்னத்தில் கோடாக இறங்கியது.

"கண்ணாடிய இறக்கிக்கடி. அண்ணன் வண்டி வேணும்னு நீதானே நின்ன."

"நெத்தி மேக்கப்பும் கரையுதுக்கா!"

"கரையட்டும். மாப்பிள்ள ஏற்கெனவே பாத்துட்டாரு."

நூற்றாறு. மீட்டர் கத்தத் தொடங்கியது. ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கவில்லை. ஓடுகிற இன்ஜினில்தான் தண்ணீரும் சுற்றும், விசிறியும் சுற்றும் என்பது இந்த மூன்று மாதத்தில் எனக்கு மனப்பாடம். பானெட்டைத் திறக்க இறங்கி முன்னால் போனவள், அந்தப் பூ மெத்தையைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்து தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

வேன் வந்து நின்றது. அப்பா ஓடி வந்தார். "ஏ ரெஜி, என்ன பண்ற? கல்யாண வண்டிப் பூவ நடுரோட்டுல பிய்க்கறியே, நல்லா இருக்குமா?" அத்தைமார்கள் வேனிலிருந்தே வாயில் கை வைத்தார்கள். நான் நின்றுவிட்டேன். கையில் பாதி பிய்ந்த ரோஜா. அந்த நேரத்தில் பின் கதவு திறந்தது. பிலோ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். தெர்மாகோல் இதயத்தைப் பிடுங்கிப் புளியமரத்தடியில் சாய்த்து வைத்தாள். அப்புறம் மருதாணிக் கையால் சரம் சரமாக அறுத்தெடுத்தாள். "அப்பா, அண்ணன் வண்டிக்கு மூச்சு முட்டுது. பாத்துட்டு நிக்கறீங்களே" என்றாள்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, கீழே குனிந்து, பம்பருக்கு அடியில் சிக்கியிருந்த கடைசிச் சரத்தைக் கையை விட்டு இழுத்தார்.

கிளம்பினோம். காற்று உள்ளே போகப் போக நூற்றிரண்டு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்று மூன்று. ஒவ்வொரு எண்ணையும் நான் சத்தமாகச் சொல்ல, பின்னால் பிலோ "ஸ்தோத்திரம்" என்றாள். காய்ச்சல் இறங்குவதைப் பார்ப்பது எனக்குப் புதிதல்ல அருளு. ஆனால் அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் ஆகிவிட்டது. பூசை வைக்கிற சாமியார் உடுப்பெல்லாம் அணிந்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஓடி வந்து கதவைத் திறந்து பிலோவை இறக்கினார்கள். நான்தான் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஆனால் நான் எப்படி இறங்குவது? அவ்வளவு சூடு பட்டு வந்த டர்போவை உடனே அணைத்தால் உள்ளே எண்ணெய் ஓட்டம் நின்று கருகிவிடும். இரண்டு நிமிடமாவது சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். "அக்காவ எறங்கச் சொல்லுங்க, சாமி காத்திருக்காரு" என்று நாலு பக்கமும் சத்தம். இதையெல்லாம் யாரிடம் விளக்குவது?

அப்போது அப்பா முன்னால் வந்தார். ஒரு கையைப் பானெட் மேல் வைத்துக்கொண்டு நின்றார். அந்தச் சத்தம் கேட்டால் தாங்க முடியவில்லை என்று விற்கச் சொன்ன மனுசன், அதே சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"சாமி, ரெண்டு நிமிசம் பொறுத்துக்குங்க. எம் பையன் வண்டி, ஆறட்டும்."

அந்த இரண்டு நிமிடமும் கோயில் வாசலில் உன் இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது. கல்யாணத்துக்கு நீ வரவில்லை என்று இனி யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

விற்பது பற்றி அப்பா அதன் பிறகு வாய் திறக்கவில்லை. நேற்று என்னிடம் வந்து, "சித்தேரி மலை மேல வரைக்கும் போயிட்டு வரலாமா ரெஜி? அவன் கூப்பிட்டப்ப எல்லாம் நான் போகல" என்றார். வருகிற ஞாயிறு காலையில் கூட்டிப்போகிறேன். மலை ஏறும்போது அவசரப்பட மாட்டேன், சத்தியம். மேலே போனதும் அணைக்காமல் நான் இறங்கிக்கொண்டு, நீ உட்கார்ந்து ஓட்டும் அந்த சீட்டில் அப்பாவை உட்கார வைப்பேன். அவர் போதும் என்று சொல்லும்வரை ஓடிக்கொண்டிருக்கட்டும்.

உயிரோடு இருந்தபோது உன்னைப் பாராட்டத் தெரியாத,
உன் அக்கா
ரெஜினா