சுத்தமான கட்டை தெரியும் வரை

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

உன் மகள் குப்புறக் கவிழ்ந்துவிட்டாளாமே. ஒரு படம் அனுப்பக்கூடாதா? பெரிய மரநோய் ஆராய்ச்சிக்காரன், அக்கா ஞாபகம் எங்கே வரப்போகிறது.

இங்கே எங்கள் தோட்டத்துப் பாதாம் மரங்களில் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வருகின்றன. காய்ந்த இலை உதிராமல் அப்படியே தொங்குகிறது. பட்டை உள்வாங்கிப் பிசின் வடிகிறது. உன் மாமா வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஆனால் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு குச்சியை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்.

உன் அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

படம் வைத்திருக்கிறேன், கோபம் தீர்ந்ததா?

குச்சியில் இருப்பது பூஞ்சைதான். மழையில் கவாத்து செய்த வெட்டுக்காயம் வழியாக நுழைந்திருக்கிறது. மருந்தடித்துத் தீராது. வெயில் நாளாகப் பார்த்துக் கிளையை வெட்டச் சொல். வெட்டிய இடத்தில் பழுப்புக் கறை தெரிந்தால் இன்னும் கீழே வெட்ட வேண்டும், சுத்தமான கட்டை தெரியும் வரை. காயத்தில் மரத்துக்கான மருந்துப் பசையைப் பூசிவிட்டு, வெட்டியதை எரித்துவிடுங்கள். மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னபடிதான் வெட்டுகிறார். கறை முடியவே மாட்டேன் என்கிறது. கிணற்றோர மரங்கள் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டன. வீட்டுத் திரைச்சீலை எல்லாம் புகை நாற்றம்.

அவருக்கு இடது சுண்டுவிரல் மரத்துப்போயிருக்கிறது. கழுத்து நரம்பு என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார், இவர் அதைத் தொடவே இல்லை. நேற்றுச் சாப்பிட உட்கார்ந்தவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நுனியிலதான் ஆரம்பிக்குது. உன் தம்பி சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அக்கா

ஏப்ரல் 10

அக்கா,

அது மரத்துப் பூஞ்சை. மனிதருக்கு வராது. நான் தினமும் கையில் எடுக்கிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது? ரம்பம், கத்தி எல்லாவற்றையும் உடனே பக்கத்துத் தோட்டத்தில் கொடுத்துவிடு. மாமாவைத் தனியாக விடாதே. அடுத்த வாரம் புறப்பட்டு வருகிறேன்.

தம்பி

ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

ரம்பத்தைக் கொடுத்துவிட்டேன். ஏன் என்றுகூட அவர் கேட்கவில்லை. நீ பயப்படுவதுபோல் ஒன்றுமில்லை. முன்பைவிடச் சாந்தமாக இருக்கிறார்.

டப்பா மூடி என் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்தபோது காயத்தின்மேல் மரத்துக்குப் பூசும் அதே பசை பூசியிருந்தது, விளிம்பு பிசகாமல். அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "வலிக்குதா?" என்று கேட்டார். இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! பசையைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை.

இன்று விரல் நுனியில் உணர்வில்லை. மணிக்கட்டை நோக்கிப் பழுப்பாக ஒரு கோடு இறங்குகிறது. அவரிடம் காட்டினேன். தலையசைத்தார்.

நீ வர வேண்டாம், கண்ணே. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் காகிதத்தைத் தொட்ட கையோடு மட்டும் குழந்தையைத் தூக்கிவிடாதே.

அக்கா