எண்ணுவதற்கு முன்பே கழித்தவர்கள்

3-8-89
சாரல் விடவில்லை. குற்றாலம் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் நானும் 1,140 வரிகளும். ஒரு வரிக்கு ஒரு நோயாளி: பெயர், வயது, பெற்றோர், தெரு. எல்லாம் வயிற்றுப்போக்கு. ஒரு தெருவில் பத்துப் பேருக்குக் குறையாமல் விழுந்து, அதில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்றாவது இருந்தால் அரசாங்க அடிபம்பு உண்டு. அந்தத் தெருக்களை நான் எடுத்துத் தரவேண்டும்.

5-8-89
முடிந்தது. பதினான்கு தெருக்கள். முதலாளி செல்லப்பா அண்ணாச்சி காபி வாங்கித் தந்தார்.

22-8-89
சென்டரைப் பெருக்க வரும் மூக்கம்மாள் துடைப்பத்தோடு நின்று கேட்டாள். "எங்க கீழப்பள்ளத்தெருவுல வீட்டுக்கு ஓராளு படுத்துக் கெடக்கு. பம்பு இல்லைங்காவ. தெருப் பேரு ஒங்க மெசினு வாயில நுழையலியோக்கா?" சிரித்துவிட்டேன்.

அவள் போனதும் வரிகளைப் பார்த்தேன். அந்தத் தெருவில் முப்பத்தொரு பேர். பிறகு ஏன் வரவில்லை?

என் தப்பு. கம்ப்யூட்டருக்கு எழுதிய கேள்வியில், குழந்தை என்ற நிபந்தனையை 'வேர்' (WHERE) என்ற இடத்தில் எழுதியிருக்கிறேன். அது வரிகளைச் சலிக்கிற இடம். பெரியவர்களை முதலிலேயே வெளியே தள்ளிவிட்டு, மிஞ்சிய குழந்தைகளை மட்டும் தெருவாரியாக எண்ணியிருக்கிறது. ஒன்பது. எல்லோரையும் எண்ணி முடித்த பிறகு, 'ஹேவிங்' (HAVING) என்ற இடத்தில்தான் தெருக்களைச் சலித்திருக்க வேண்டும் – பத்துப் பேர் உண்டா, அதில் குழந்தை உண்டா என்று. மதுரையில் படிக்கும்போது எத்தனை தடவை சொன்னார்கள்! இத்தனை புத்தகம் படித்து என்ன? முப்பத்தொரு பேரை ஒன்பது பேராக்கிட்டேனே.

23-8-89
அண்ணாச்சியிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "ஏட்டி நீலா, லிஸ்ட்டு போயி கையெழுத்தும் ஆயிட்டு. கம்ப்யூட்டர் தப்பா சொல்லிட்டுன்னா ஒரு பய வேலை தருவானா? அடுத்த மாசம் ரெண்டாவது லிஸ்ட்டு வருது. பாத்துக்கிடலாம்."

கம்ப்யூட்டர் சொல்லவில்லை, நான் சொன்னேன் – இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

30-8-89
மூக்கம்மாள் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோழை.

18-9-89
இரண்டாவது பட்டியல்: பழைய வரிகளோடு புது நோயாளிகளும். கேள்வியைத் திருத்தி எழுதியிருந்தேன். "பழசையே ஓட்டு. மாத்துனா மொத லிஸ்ட்டு தப்புன்னு தெரிஞ்சிருமுல்லா" என்று அண்ணாச்சி பின்னாலேயே நின்றார். பழசையே ஓட்டினேன்.

கீழப்பள்ளத்தெரு வந்துவிட்டது. குழந்தைகள் பத்து.

மூக்கம்மாள் நாலு நாளாய் வேலைக்கு வரவில்லை. பத்தாவது குழந்தையின் வரியை நேற்று நான்தான் தட்டினேன்: உலகம்மை, வயது இரண்டு, தாய் மூக்கம்மாள்.

பம்பு போட்டுவிடுவார்கள்.